பௌல் ஆட்டப் பயணம்

பௌல் ஆட்டப் பயணம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிக் காற்பந்தாட்டப் பருவம் முடிந்தபின் டிசம்பர், ஜனவரி மாதங்களில் நடைபெறும் பௌல் ஆட்டமொன்றைக் காண்பதற்காக, பங்குபெறும் அணியின் இரசிகர்கள் தமது ஊரிலிருந்து ஆட்ட நகருக்குச் சென்று, சில நாட்கள் தங்கித் திரும்பும் வழக்கம் ஆகும். இங்கு காற்பந்தாட்டம் எனப்படுவது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்கக் காற்பந்தாட்டமே அன்றி, உலகின் பிற பகுதிகளில் பரவலாக ஆடப்படும் உதைபந்தாட்டம் அன்று.

பருவத்தின் வழமையான ஆட்டங்கள் இரு அணிகளுள் ஒன்றின் சொந்த அரங்கிலேயே பெரும்பாலும் நடைபெறுகின்றன. பௌல் ஆட்டமோ பொதுவாக இரு அணிகளுக்கும் அயலான ஒரு நகரில் நடைபெறுவது. ஆகவே அங்கு இருக்கைகளை நிரப்புவோரில் பெரும்பகுதியினர் வெளியூரிலிருந்து வரவேண்டியுள்ளது. குளிர்காலத்தில் வெளியூராரைத் தம் நகருக்கு வரவழைக்கும் நோக்குடனேயே பழைய பௌல் ஆட்டங்கள் பல தோற்றுவிக்கப்பட்டன. இவ்வகையில் இரசிகரின் பயணம் பௌல் ஆட்டத்தின் விளைவு மட்டுமன்று, அது தோன்றியதற்கான காரணமும் ஆகும். தொலைக்காட்சி வருவாய் பெருகிய பின்னர் இந்த உறவு பெரிதும் மாறியுள்ளது.

பெயர்

பௌல் என்னும் ஆங்கிலச் சொல் கிண்ணம் எனப் பொருள்படும். கனெடிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் யேல் பல்கலைக்கழகம் 1914 இல் திறந்த விளையாட்டரங்கு, நடுவே குழிந்து, சுற்றிலும் இருக்கைகள் உயர்ந்து செல்லும் கிண்ண வடிவில் அமைந்ததனால் யேல் பௌல் எனப் பெயர்பெற்றது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு கலிபோர்னியாவின் பசடீனா நகரில் 1922 இல் கட்டப்பட்ட அரங்கு ரோஸ் பௌல் எனப்பட்டது. அரங்கின் பெயர் நாளடைவில் அங்கு நடைபெற்ற ஆட்டத்துக்கும் ஆகுபெயராயிற்று. பின்னர் பிற நகரங்களும் தத்தம் விளைபொருள் முதலியவற்றின் பெயருடன் பௌல் என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டன. அரங்கின் வடிவம் எதுவாயினும் ஆட்டத்துக்குப் பௌல் என்றே பெயரிடப்படுகின்றது.

வரலாறு

தோற்றம்

பசடீனாவின் வேலி ஹன்ட் கழகம் என்னும் அமைப்பு 1890 ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் பூக்களால் அலங்கரித்த வண்டிகளின் ஊர்வலமொன்றை நடத்தியது. நாட்டின் கிழக்குப் பகுதி பனியில் மூடிக்கிடக்கும் வேளையில் தம் ஊரில் ரோசாப் பூக்கள் மலர்கின்றன என்பதைப் பிறருக்குக் காட்டுவதே இதன் நோக்கமாகும். இவ்விழாவின் பகுதியாக 1902 ஜனவரி 1 அன்று மிச்சிகன், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக அணிகளிடையே காற்பந்தாட்டம் ஒன்று நடத்தப்பட்டது. மிச்சிகன் 49-0 என்ற கணக்கில் முன்னிலை பெற்றிருந்தபோது, ஆட்டம் முடிவதற்கு முன்னரே ஸ்டான்ஃபோர்ட் விலகிக்கொண்டது. இதன்பின் விழாக்குழுவினர் பல ஆண்டுகள் காற்பந்தாட்டத்தைக் கைவிட்டு, தேர்ப் பந்தயம் முதலியவற்றை நடத்தினர். 1916 இல் ஆட்டம் மீண்டும் தொடங்கிற்று. அன்றுமுதல் ஆண்டுதோறும் நடைபெற்று வருகின்றது. 1923 ஆம் ஆண்டிலிருந்து இது இன்றைய ரோஸ் பௌல் அரங்கில் நடைபெறுகின்றது.

தொடர்வண்டிக் காலம்

அக்காலத்தில் கிழக்கு, தெற்குப் பகுதிகளிலிருந்து கலிபோர்னியாவுக்குச் செல்லும் அணிகளும் அவற்றின் இரசிகர்களும் பல நாட்கள் தொடர்வண்டியில் பயணம் செய்தனர். 1926 ஜனவரி 1 அன்று அலபாமா அணி வாஷிங்டன் அணியை 20-19 என்ற கணக்கில் வென்றது. இவ்வெற்றி தென்மாநிலக் காற்பந்தாட்டத்துக்கு நாடளாவிய மதிப்பைத் தேடித்தந்தது எனக் கருதப்படுகின்றது. இத்தகைய நெடும்பயணத்தை மேற்கொள்ளப் பணமும் ஓய்வும் உடையோராலேயே இயன்றது. ஏனையோர் தந்தி, வானொலி வழியாகவே ஆட்டத்தின் போக்கை அறிந்தனர்.

பரவல்

1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது, வெப்பமான தென் நகரங்கள் பசடீனாவைப் பின்பற்றத் தொடங்கின. விடுதிகளும் கடைகளும் வெறுமையாகக் கிடந்த காலத்தில், ஆட்டம் பார்க்க வருவோர் சில நாட்கள் தங்கிச் செலவிடுவர் என்பது அந்நகரத்தாரின் எதிர்பார்ப்பாகும். முக்கியமான பழைய பௌல் ஆட்டங்கள் சில வருமாறு:

* ஆரஞ்சு பௌல் - மயாமி, புளோரிடா (1935)
* சுகர் பௌல் - நியூ ஓர்லியன்ஸ், லூசியானா (1935)
* சன் பௌல் - எல் பாசோ, டெக்சாஸ் (1935, கல்லூரி அணிகளிடையே 1936 முதல்)
* காட்டன் பௌல் - டாலஸ், டெக்சாஸ் (1937)
* கேட்டர் பௌல் - ஜாக்சன்வில், புளோரிடா (1946)
* டேஞ்சரின் பௌல், பின்னாளில் சிட்ரஸ் பௌல் - ஓர்லாண்டோ, புளோரிடா (1947)
* பீச் பௌல் - அட்லான்டா, ஜோர்ஜியா (1968)
* ஃபியெஸ்டா பௌல் - ஃபீனிக்ஸ் பகுதி, அரிசோனா (1971)

இவற்றுள் பலவற்றின் பெயர்கள் தோடம்பழம், சர்க்கரை, பருத்தி, பீச் பழம் என அவ்வப்பகுதியின் விளைபொருளையே குறிக்கின்றன. பின்னாளில் வணிக நிறுவனங்களின் பெயர்கள் இவற்றுடன் சேர்ந்துகொண்டன. இன்று ஏறத்தாழ 40 பௌல் ஆட்டங்கள் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. நியூ யோர்க், டெட்ராய்ட், பொய்சி போன்ற குளிர் நகரங்களும் இவற்றுள் அடங்குகின்றன.

அணிகளின் தெரிவும் இரசிகர் எண்ணிக்கையும்

பௌல் ஆட்டங்களை நடத்துவது என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அன்று. அது ஆட்டங்களுக்கு ஒப்புதல் மட்டுமே வழங்குகின்றது. அந்தந்த நகரின் விழாக்குழுக்களும், சில இடங்களில் தொலைக்காட்சி நிறுவனங்களும் இவற்றை நடத்துகின்றன. பொதுவாக ஆறு வெற்றிகளேனும் பெற்று, தோல்விகள் வெற்றிகளை விஞ்சாதிருக்கும் அணியே பௌல் ஆட்டத்துக்குத் தகுதியுடையது ஆகும்.

1992 இல் பெரிய பௌல் ஆட்டங்களுக்கிடையே கூட்டு உடன்பாடு ஏற்படும்வரை, ஒவ்வொரு விழாக்குழுவும் தான் விரும்பிய அணியை அழைத்தது. சில ஆட்டங்கள் மட்டும் குறிப்பிட்ட கூட்டமைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. எடுத்துக்காட்டாக, 1947 முதல் ரோஸ் பௌலில் மத்திய மேற்கின் பிக் டென் கூட்டமைப்பைச் சேர்ந்த அணியொன்றும் பசிபிக் கரை அணியொன்றும் மோதின. ஏனைய இடங்களில் விழாக்குழு உறுப்பினர்கள் தமக்குரிய நிற மேலங்கியை அணிந்து, பருவத்தின்போதே அரங்குகளுக்குச் சென்று அணிகளைப் பார்வையிட்டனர். அவர்கள் அளவிட்டது ஆட்டத் திறனை மட்டுமன்று. அவ்வணிக்கு எத்தனை ஆயிரம் இரசிகர்கள் உளர், அவர்கள் தொலைவைப் பொருட்படுத்தாது வருவார்களா, வந்தால் எத்தனை இரவுகள் தங்குவர் என்பனவும் கணக்கில் கொள்ளப்பட்டன. இரசிகர்கள் திரளாக வரும் அணியை "நன்கு பயணிக்கும் அணி" என்று கூறும் வழக்கு இதனால் ஏற்பட்டது.

1998 முதல் 2013 வரையிலான பருவங்களில் நடைமுறையில் இருந்த பௌல் சாம்பியன்ஷிப் தொடர் முறையிலும் இப்போக்கு முற்றிலும் மறையவில்லை. 1998 ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதித் தரவரிசையில் மூன்றாமிடத்தில் இருந்த கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக அணியை நான்கு பெரிய பௌல் ஆட்டங்களுள் ஒன்றும் அழைக்கவில்லை. அது சான் அன்டோனியோ நகரின் அலமோ பௌலில் ஆட நேர்ந்தது. இந்நிகழ்வின் பின்னர், தரவரிசையில் மூன்றாமிடம் பெறும் அணிக்கு இடமளிப்பதற்காக விதி திருத்தப்பட்டது.

பயண ஏற்பாடு

கால அவகாசம்

கூட்டமைப்புகளின் இறுதியாட்டங்கள் டிசம்பர் முதல் வார இறுதியை ஒட்டி நடைபெறுகின்றன. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்த அணி எங்கு ஆடும் என்பது அறிவிக்கப்படுகின்றது. இரசிகருக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டு முதல் நான்கு வாரங்களே ஆகும். இதே காலத்தில்தான் நத்தார், புத்தாண்டு விடுமுறைக் கூட்டத்தினால் விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் உயர்ந்து நிற்கின்றன. ஆகவே அனுபவமுள்ள இரசிகர்கள், தம் அணி செல்லக்கூடும் எனத் தோன்றும் இரண்டு மூன்று நகரங்களில், விலக்கிக்கொள்ளக் கூடிய விடுதிப் பதிவுகளை நவம்பர் மாதத்திலேயே செய்துவைத்து, அறிவிப்பு வந்தபின் வேண்டாதவற்றை நீக்குகின்றனர்.

நுழைவுச்சீட்டு

பங்குபெறும் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நுழைவுச்சீட்டுகள் ஒதுக்கப்படுகின்றன. இருக்கைகள் அரங்கின் ஒரு பக்கத்தில் தொகுதியாக அமைவதனால், அவ்வணியின் இரசிகர்கள் ஒன்றாக அமர முடிகின்றது. பல பல்கலைக்கழகங்களில் இச்சீட்டுகள் விளையாட்டுத் துறைக்கு நன்கொடை வழங்கியோர், பருவச் சீட்டு வைத்திருப்போர் ஆகியோருக்கு முன்னுரிமை அடிப்படையில் வழங்கப்படுகின்றன; மாணவர்க்கு ஒரு பகுதி ஒதுக்கப்படுவது உண்டு.

2000 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஸ்டப்ஹப் போன்ற மறுவிற்பனைத் தளங்கள் வந்தபின் நிலைமை மாறிற்று. பெயர்பெற்ற ஆட்டங்களுக்கு மறுவிற்பனை விலை, அச்சிட்ட விலையைப் பன்மடங்கு விஞ்சுகின்றது. சிறிய ஆட்டங்களுக்கோ, ஆட்ட நாள் நெருங்க நெருங்க விலை வீழ்கின்றது. பல்கலைக்கழகம் வழியாக வாங்குவோர் அணிக்கு ஆதரவளிப்பதாகக் கருதுகின்றனர். காத்திருந்து வாங்குவோர் செலவைக் குறைத்துக்கொள்கின்றனர்.

போக்குவரத்தும் தங்குமிடமும்

ஆட்ட நகர் ஒரு நாள் ஓட்டத் தொலைவில் இருந்தால் பெரும்பாலோர் மகிழுந்திலேயே செல்கின்றனர். அணியின் கொடியைச் சன்னலில் கட்டிய வண்டிகள் நெடுஞ்சாலைகளில் அணி அணியாகச் செல்வதை இக்காலத்தில் காணலாம். படுக்கையும் சமையலறையும் கொண்ட ஆர்.வி. எனப்படும் பெரிய வண்டிகளில் குடும்பத்துடன் செல்வோரும் உளர். தொலைவிடங்களுக்கு விமானமே வழியாகின்றது. பழைய மாணவர் சங்கங்கள் விமானம், விடுதி, நுழைவுச்சீட்டு, கூடல் நிகழ்ச்சி ஆகியன அடங்கிய கூட்டுப் பயணங்களை ஏற்பாடு செய்கின்றன. இவை தனியாகச் செல்வதிலும் செலவு மிக்கனவாக இருப்பினும், அவகாசம் குறைந்தோருக்கும் முதியோருக்கும் வசதியானவை.

ஹவாயில் நடைபெறும் பௌல் ஆட்டம் பெரும்பாலும் நத்தார் நாளுக்கு முந்திய நாளில் வருவதனால், செல்வோர் பண்டிகையை அங்கேயே கழிக்க நேர்கின்றது. நாட்டுக்கு வெளியேயும் சில ஆட்டங்கள் நடைபெற்றன. கியூபாவின் அவானாவில் 1937 இல் ஓபர்ன், விலனோவா அணிகள் மோதி 7-7 எனச் சமன் செய்தன. கனடாவின் டொரோண்டோவில் 2007 முதல் 2010 வரை இன்டர்நேஷனல் பௌல் நடைபெற்றது. பகாமாஸ் நாட்டின் நசாவில் 2014 இல் பகாமாஸ் பௌல் தொடங்கப்பட்டது.

ஆட்ட நகரில்

பயணிகள் பொதுவாக ஆட்டத்துக்கு இரண்டு மூன்று நாட்கள் முன்னரே வந்துசேர்கின்றனர். ஆட்டத்துக்கு முந்திய நாள், பல்கலைக்கழக இசைக்குழு, ஆர்ப்பரிப்புக் குழு, அணியின் சின்ன உருவம் ஆகியவை பங்குகொள்ளும் உற்சாகக் கூட்டம் பொதுவிடமொன்றில் நடைபெறுகின்றது. அணியின் நிறத்தில் ஆடை அணிந்து செல்லும் இருவர், முன்பின் அறியாதவராயினும், தெருவில் எதிர்ப்படும்போது அணியின் முழக்கத்தைக் கூறி வணங்கிக்கொள்வது வழக்கமாகும். அலபாமா இரசிகர்களின் "ரோல் டைட்" என்பது இத்தகைய முழக்கங்களுள் பரவலாக அறியப்பட்டது. பட்டம் பெற்றுப் பிரிந்த நண்பர்கள் பல ஆண்டுகளுக்குப் பின் சந்திக்கும் வாய்ப்பாகவும், பெற்றோர் பிள்ளைகளுடன் ஆண்டுக்கொருமுறை மேற்கொள்ளும் பயணமாகவும் இது அமைகின்றது.

ஒவ்வொரு நகருக்கும் தனித்தன்மை உண்டு. நியூ ஓர்லியன்சில் இரு அணிகளின் இரசிகர்களும் பழைய பிரெஞ்சுக் குடியிருப்பின் போர்பன் தெருவில் புத்தாண்டு முன்னிரவைக் கழிக்கின்றனர். பசடீனாவில் கொலராடோ வீதியில் காலை 8 மணிக்குத் தொடங்கும் ரோசாப்பூ அணிவகுப்பைக் காண, முந்திய நாளிலிருந்தே நடைபாதையில் இடம்பிடித்துப் போர்வைகளுடன் இரவைக் கழிப்போர் ஏராளம். ஜனவரி 1 ஞாயிற்றுக்கிழமையாயின் அணிவகுப்பும் ஆட்டமும் திங்கட்கிழமைக்கு மாற்றப்படுகின்றன. தேவாலயங்களுக்கு வெளியே கட்டியிருக்கும் குதிரைகள் மிரளும் என்பதற்காக 1893 இல் ஏற்பட்ட அணிவகுப்பு வழக்கம் இன்றும் தொடர்வதனால், பயணத் தேதியைக் குறிக்குமுன் நாட்காட்டியைப் பார்ப்பது அவசியமாகின்றது.

ஆட்ட நாள்

ஆட்ட நாளில் அரங்கைச் சூழ்ந்த வாகன நிறுத்துமிடங்களில், வண்டிகளின் பின்கதவைத் திறந்து வைத்து, இறைச்சி வாட்டி, உண்டு குடித்து மகிழும் டெயில்கேட்டிங் வழக்கம் பல மணி நேரம் முன்னரே தொடங்குகின்றது. ரோஸ் பௌல் அரங்கில் பக்கத்திலுள்ள புரூக்சைட் கோல்ஃப் திடலின் புற்றரையே நிறுத்துமிடமாகப் பயன்படுகின்றது. தொடர்வண்டியில் பழைய பசடீனாவுக்கு வருவோர் அங்கிருந்து தொடர்பேருந்துகளில் அரங்கை அடைகின்றனர்.

பல அரங்குகளில் ஒளிபுகும் பைகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. நுழைவுச்சீட்டுகளும் இப்போது பெரும்பாலும் கைப்பேசி வழியாகவே வழங்கப்படுகின்றன. ஆகவே கைப்பேசியில் மின்கலம் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவசியம். வெப்ப நகரங்களில்கூட டிசம்பர், ஜனவரி மாதங்களில் கதிரவன் மறைந்தவுடன் குளிர் ஏறுவதனால் மேலாடை தேவைப்படுகின்றது.

அரங்கினுள் ஒரு பாதி ஓர் அணியின் நிறத்திலும் மறுபாதி மற்றதன் நிறத்திலும் காட்சியளிப்பது பௌல் ஆட்டத்தின் சிறப்பியல்பு ஆகும். ஒரே அணியின் இரசிகர்கள் பெரும்பான்மையாக இருக்கும் வழமையான ஆட்டங்களிலிருந்து இது வேறுபடுகின்றது. 1973 ஜனவரி 1 அன்று தென் கலிபோர்னியா, ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக அணிகள் மோதிய ரோஸ் பௌல் ஆட்டத்தை 106,869 பேர் பார்வையிட்டனர்.

இடர்களும் இழப்புகளும்

பயணச் செலவு முழுவதும் முன்கூட்டியே செய்யப்படுவதனால், ஆட்டம் இடம் மாறினாலோ நின்றுபோனாலோ இழப்பு இரசிகரையே சார்கின்றது. ஆட்டம் நடைபெறாதவிடத்து நுழைவுச்சீட்டின் விலை திரும்பக் கிடைப்பினும், விமானக் கட்டணமும் விடுமுறை நாட்களும் திரும்புவதில்லை. குறிப்பிடத்தக்க நிகழ்வுகள் சில:

* 1942: பேர்ள் துறைமுகத் தாக்குதலைத் தொடர்ந்து மேற்குக் கரையில் பெருங்கூட்டங்கள் தவிர்க்கப்பட்டதனால், ரோஸ் பௌல் ஆட்டம் வட கரோலைனாவின் டேராம் நகருக்கு மாற்றப்பட்டது.
* 2006: கத்ரீனா சூறாவளியால் நியூ ஓர்லியன்சின் சூப்பர்டோம் அரங்கு சேதமுற்றதனால், சுகர் பௌல் அட்லான்டாவில் நடைபெற்றது.
* 2018: டாலசில் டிசம்பர் 26 அன்று பொய்சி மாநில, பாஸ்டன் கல்லூரி அணிகளின் ஆட்டம் முதற்காற்பகுதியிலேயே மின்னலால் நிறுத்தப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது.
* 2021 ஜனவரி: கோவிட்-19 பெருந்தொற்றின்போது கலிபோர்னியாவில் பார்வையாளர்க்குத் தடை இருந்தமையால், ரோஸ் பௌல் டெக்சாசின் ஆர்லிங்டனுக்கு மாற்றப்பட்டது.
* 2021 டிசம்பர்: ஹவாய் பௌல் ஆட்டத்துக்கு முந்திய நாள் கைவிடப்பட்டது, மெம்பிஸ் அணி அப்போது ஹொனலுலுவை அடைந்திருந்தது. சான் டியேகோவின் ஹாலிடே பௌல், ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது நிறுத்தப்பட்டது. நாட்டின் மறுகரையிலிருந்து வந்திருந்த வட கரோலைனா மாநில அணியின் இரசிகர்கள் ஆட்டத்தைக் காணாமலே திரும்பினர்.

இவை எல்லாவற்றிலும் துயரமானது 2025 ஜனவரி 1 அன்று நியூ ஓர்லியன்சில் நிகழ்ந்தது. அதிகாலை 3 மணியளவில் போர்பன் தெருவில் புத்தாண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்த கூட்டத்தினுள் ஒருவர் பாரவண்டியைச் செலுத்தினார். 14 பேர் கொல்லப்பட்டனர், பலர் காயமுற்றனர். அன்று மாலை நடைபெறவிருந்த ஜோர்ஜியா, நோட்டர் டேம் அணிகளின் சுகர் பௌல் ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மறுநாள் தங்க இயலாதோர் ஆட்டத்தைக் காணாது ஊர் திரும்ப நேர்ந்தது.

பல்கலைக்கழகங்களின் சுமை

ஒதுக்கப்பட்ட நுழைவுச்சீட்டுகளை விற்கவேண்டிய பொறுப்பு பல ஒப்பந்தங்களில் பல்கலைக்கழகத்தையே சார்ந்திருந்தது. விற்காதவற்றின் விலையையும் அதுவே செலுத்த வேண்டும். 2011 ஜனவரி 1 அன்று நடைபெற்ற ஃபியெஸ்டா பௌல் இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகின்றது. ஒக்லஹோமா அணியுடன் மோதிய கனெடிகட் பல்கலைக்கழகம் 17,500 சீட்டுகளுக்குப் பொறுப்பேற்றிருந்தது. ஆட்டம் நடைபெற்ற அரிசோனாவின் கிளெண்டேல் நகர் நாட்டின் மறுகோடியில் உள்ளது. அதே ஆட்டத்தின் சீட்டுகள் மறுவிற்பனைத் தளங்களில் குறைந்த விலைக்கும் கிடைத்தன. பல்கலைக்கழகச் சீட்டுகளில் பெரும்பகுதி விற்பனையாகவில்லை. அப்பயணத்தால் பல்கலைக்கழகத்துக்கு 10 இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட இழப்பு ஏற்பட்டது. ஆட்டத்திலும் 48-20 என்ற கணக்கில் கனெடிகட் தோல்வியுற்றது.

அதே ஆண்டு மார்ச் மாதத்தில், நிதி முறைகேடுகள் தொடர்பான விசாரணையின் பின்னர் ஃபியெஸ்டா பௌல் தலைமை நிர்வாகி ஜான் ஜங்கர் பதவி நீக்கப்பட்டார். இவ்விரு நிகழ்வுகளும் பௌல் ஆட்டங்களின் பொருளாதாரம் பற்றிய பொது விவாதத்தைத் தூண்டின.

அண்மைய மாற்றங்கள்

வீரர்கள் விலகல்

2016 டிசம்பரில் லூசியானா மாநில அணியின் லியோனார்ட் ஃபோர்னெட், ஸ்டான்ஃபோர்ட் அணியின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி ஆகியோர், தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்லுமுன் காயமுறாதிருக்கும் பொருட்டுத் தத்தம் அணியின் பௌல் ஆட்டத்தில் ஆடுவதில்லை என அறிவித்தனர். அதன்பின் இது பரவலான வழக்கமாயிற்று. 2018 இல் தொடங்கப்பட்ட இடமாற்றப் பதிவேட்டின் வழியாக வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் வீரர்களும் பௌல் ஆட்டத்துக்கு முன்னரே விலகுகின்றனர். வீரரின் எதிர்கால வருவாய் பெரும்பாலும் அவரது உடல்நலத்தையே சார்ந்திருப்பதனால் இம்முடிவு நியாயமானதே எனப் பலர் கருதுகின்றனர். ஆயினும் பயணத்தை ஏற்கனவே உறுதிசெய்துவிட்ட இரசிகர், தான் அறிந்த அணியைக் காணப்போவதில்லை என்பதைப் பின்னரே அறிகின்றார். 2023 பருவத்தில் தோல்வியே காணாதிருந்தும் தொடர் இறுதிக்குத் தெரிவாகாத புளோரிடா மாநில அணி, முன்னணி வீரர்கள் பலரின்றி டிசம்பர் 30 அன்று ஆரஞ்சு பௌலில் ஆடி, ஜோர்ஜியாவிடம் 63-3 என்ற கணக்கில் தோற்றது.

தொடர் இறுதி விரிவாக்கம்

2014 முதல் 2023 வரையிலான பருவங்களில் நான்கு அணிகள் பங்குபெற்ற கல்லூரிக் காற்பந்தாட்டத் தொடர் இறுதி, 2024 பருவத்தில் 12 அணிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. இதில் முதற்சுற்றின் நான்கு ஆட்டங்கள் பல்கலைக்கழகங்களின் சொந்த அரங்குகளிலும், கால் இறுதி, அரை இறுதி ஆட்டங்கள் பெரிய பௌல் ஆட்டங்களாகவும் நடைபெறுகின்றன.

அவ்வாண்டு வெற்றிபெற்ற ஒகையோ மாநில அணியின் பாதை இதன் தாக்கத்தைத் தெளிவாக்கும். அவ்வணி டிசம்பர் 21 அன்று கொலம்பஸ் நகரில் தன் சொந்த அரங்கிலும், ஜனவரி 1 அன்று பசடீனாவின் ரோஸ் பௌலிலும், ஜனவரி 10 அன்று ஆர்லிங்டனின் காட்டன் பௌலிலும், ஜனவரி 20 அன்று அட்லான்டாவில் இறுதியாட்டத்திலும் ஆடியது. ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னரே அடுத்த பயணம் உறுதியாயிற்று. எல்லா ஆட்டங்களையும் நேரில் காண விரும்பியவர், சொந்த ஊர் ஆட்டத்தின் பின் முப்பது நாட்களுள் மூன்று மாநிலங்களுக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஒரு பருவத்தின் பரிசாக ஒரே பயணம் என்றிருந்த பழைய முறை, இவ்வணிகளின் இரசிகர்களைப் பொறுத்தவரை மாறிவிட்டது. எந்த ஆட்டத்தை நேரில் காண்பது, எதை வீட்டிலிருந்து காண்பது எனத் தெரிவுசெய்யும் நிலை ஏற்பட்டுள்ளது.

2024 இல் பசிபிக் கூட்டமைப்பின் அணிகளில் பெரும்பாலானவை பிற கூட்டமைப்புகளுக்குச் சென்றமையால், ரோஸ் பௌலின் நெடுங்கால இணையும் முறிவடைந்தது.

விமர்சனம்

பௌல் ஆட்டங்கள் மிகுந்துவிட்டதனால் அவற்றின் மதிப்புக் குறைந்துவிட்டது எனவும், பாதி வெற்றிகளை மட்டுமே பெற்ற அணிகளுக்கு இது பொருந்தாப் பரிசு எனவும் விமர்சிப்போர் உளர். இ.எஸ்.பி.என். தொலைக்காட்சியின் துணை நிறுவனம் பல பௌல் ஆட்டங்களைத் தானே நடத்துகின்றது. விடுமுறை நாட்களில் வீட்டிலிருந்து பார்ப்போர் போதிய அளவில் இருப்பதனால், அரங்கில் இருக்கைகள் வெறுமையாகக் கிடப்பினும் இத்தகைய ஆட்டங்கள் தொடர்கின்றன. வெளியூராரை வரவழைக்கத் தோன்றிய ஆட்டம், வெளியூரார் வராமலும் நடைபெறக்கூடியதாகிவிட்டது என்பது இவ்விமர்சனத்தின் சாரமாகும்.

மறுபுறம், தேசியப் பட்டத்துக்கான வாய்ப்பு ஒருபோதும் கிட்டாத சிறிய பல்கலைக்கழகங்களின் இரசிகர்களுக்கு, பருவம் முடிந்தபின் தம் அணியை இன்னுமொரு முறை, வெளியூரில், தம்மவரின் நடுவே காண்பதற்கு வேறு வாய்ப்பு இல்லை எனப் பௌல் ஆட்டங்களை ஆதரிப்போர் சுட்டுகின்றனர். இத்தகைய பயணங்களில் வெற்றி தோல்வியைவிட உடன் சென்றவர்களே நெடுங்காலம் நினைவில் நிற்கின்றனர் என்பது அவர்களின் கருத்தாகும்.

இவற்றையும் பார்க்க

* அமெரிக்கக் காற்பந்தாட்டம்
* ரோஸ் பௌல் (விளையாட்டரங்கு)
* ரோசாப்பூ அணிவகுப்பு
* சுகர் பௌல்
* விளையாட்டுச் சுற்றுலா